எழுத்தில்லாக் ‘கல்வெட்டு’கள்

பெரம்பலூரிலிருந்து ஆத்தூர்க்குச் செல்லும் சாலையில், வேப்பந்தட்டைக்கு முன்னும் பின்னும், மலைநீர் சாலையைக் கடந்து கீழிறங்குதற்கென்று கட்டப்பெற்ற சிறு பாலங்கள் பல உள. அவற்றுள் ஒன்றைக் காட்டி, “இதற்குப் பெயர் என்ன?” என்று சாலைப் பணியாளர் ஒருவரை வினவிப் பாருங்கள். “கல்வெட்டு” என்பார். ஒப்பந்தக்காரரின் கணக்கரும் அவ்வாறே சொல்வார். ஊர்ப் பெரியவர் ஒருவர், “எங்கள் தெருமுனையில் ஒரு கல்வெட்டுக் கட்டித் தருக” என்று வேண்டுகை எழுதுவார். தொல்லியல் அறிஞர் எவரேனும் அவ்வேண்டுகையைப் படிக்க நேர்ந்தால், அவ்வூர் மக்கள் வரலாற்றின்மேல் கொண்ட காதலை எண்ணி வியந்துபோவார்!

கல்வெட்டாவது கல்லில் வெட்டிய எழுத்து. நம் பாலத்தில் எழுத்துண்டா? உண்டு. கைப்பிடிச் சுவரில் வெள்ளை பூசி, கறுப்பு மையால் 14/3 என்பதுபோல் ஏதோ எழுதியிருக்கும். பதினான்காம் கிலோமீட்டரில் மூன்றாவது என்பது அதன் பொருள். அதன் கீழே எந்த ஓடை வருகிறது, எந்த ஏரிக்குப் போகிறது, அவ்வோடைக்கு ஊரார் இட்ட பெயர் யாது என்பன பற்றி ஓரெழுத்தும் இராது. சிறைக்கோட்டத்தில் மாந்தனுக்குப் பெயர் போய் எண் வருவதுபோல், நெடுஞ்சாலைத்துறைக்குள் புகுந்த நீரோடைக்கும் பெயர் போய் எண் வந்துவிட்டது.

‘கல்வர்ட்’ என்னும் ஆங்கிலச் சொல் நம் மக்கள் வாயில் புகுந்து, நமக்குப் பழகிய தமிழ்ச் சொல்லொன்றின் சட்டையை மாட்டிக்கொண்டு ‘கல்வெட்டு’ ஆயிற்று. அச்சொல்லின் பிறப்பை ஆங்கில அகரமுதலிகளே அறியா. மூலம் தெளிவில்லை என்றே எழுதி வைத்துள்ளன. பிறந்த வீட்டிலேயே முகவரியில்லாத சொல்லை நாம் கூட்டி வந்து நடுக்கூடத்தில் அமர்த்தி, அவ்விடத்திலிருந்த மதகை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டோம்.

மதகு என்னுஞ் சொல்லுக்கு என்ன குறை? ஈழத் தமிழர் சாலைக்கடியில் நீர்போகும் கட்டடத்தை மதகு என்றே வழங்கி வருகின்றனர். நம் பக்கத்து முதியோரும் மாலை வேளையில் மதகுக் கட்டையில் அமர்ந்துதான் ஊர்க்கதை பேசினர். அடைப்புப் பலகை உள்ளதே மதகு, ஆகவே சாலைக்கடியில் உள்ளதற்கு அப்பெயர் பொருந்தாது என்று நுணுகி ஆய்வாரும் உளர். அவர் வேறு சொல் தரட்டும், ஏற்போம். தமிழுக்கு நீர்ச்சொற்கள் பஞ்சமில்லை. மடை, தூம்பு, குமிழி, கலிங்கு, மறுகால், வடிகால், வரத்துக்கால், போக்குக்கால், கண் என்று எண்ணிக்கொண்டே போகலாம். நிலத்தடியில் நீர் செல்லும் கட்டடத்தைச் சுருங்கை என்கின்றன நம் பழநூல்கள். மதுரை மதிற்சுருங்கையினின்று பீறிட்டு வரும் நீரை, யானை தன் கையுயர்த்தி விடும் நீருக்கு ஒப்பிடுகிறது பரிபாடலின் இருபதாம் பாடல். கோவலன் மதுரைக்குட் புகுந்த வழியில் யானைக்கூட்டம் பெயர்ந்து செல்லத்தக்க சுருங்கை வீதி இருந்ததைச் சிலம்பு காட்டுகிறது. (சுருங்கை கிரேக்கத்தினின்று வந்ததென்பாரும் உளர், அவ்வழக்கைத் தீர்க்க இஃது இடமன்று.) இச்சொற்கள் ஏட்டில் மட்டும் வாழ்ந்தவையல்ல. கீழடி அகழ்வில் மூடிய வடிகாலும் சுடுமண் குழாய்களும் வெளிப்பட்டதை உலகமே பார்த்தது.

ஒன்றை மட்டும் இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். புதுக்கோட்டைப் பக்கத்து ஏரிகளிற் சென்று பாருங்கள். ஏரியின் உள்வாயில் நிற்கும் குமிழித் தூம்பின் கற்றூண்களில் எழுத்துகள் பொறிக்கப்பெற்றுள்ளன. தூம்பு செய்வித்தார் பெயரும் ஊரும் அங்கே வெட்டப்பட்டிருக்கும். நீர் போகும் கட்டடத்தை ஆக்கியவன், ‘இதற்கு யான் பொறுப்பு’ என்று கல்லில் எழுதி வைத்தான். அது தூம்பு, அதிலிருந்தது கல்வெட்டு. இன்றோ தூம்புக்கே கல்வெட்டு என்று பெயர். ஆனால் அதில் எவன் பெயரும் இல்லை! முன்னோர் எழுத்தை வைத்து, பொறுப்பையும் ஏற்றனர். நாம் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, பொறுப்பைத் துடைத்தெறிந்துவிட்டோம்.

“சொல்லில் என்னையா இருக்கிறது? நீர் போனால் போதாதா?” என்று நம்மவரே சிலர் கேட்பர். நீர் போகவில்லை என்பதைச் சொல்லவே இக்கட்டுரை எழுந்தது.

வேப்பந்தட்டைக்கு மேற்கே பச்சைமலை. மலையில் பெய்யும் நீர் கிழக்கும் வடக்குமாகத் தாழ்நிலம் நோக்கி இறங்கும். கல்லாறு அந்நீரின் ஒரு பகுதியைத் திரட்டி வெள்ளாற்றிற் சேர்க்கிறது. அதன் குறுக்கே விசுவக்குடியில் இன்று அணையொன்று உண்டு. ஏனைய சிற்றோடைகள் ஏரிக்கு ஏரி தாவி, வயல்களை நனைத்துக் கீழே போகின்றன. மலைக்கும் இவ்வயல்களுக்கும் நடுவே சாலை நீண்டு கிடக்கிறது. ஏரிக்கரைக்குக் கலிங்கும் மதகும் வேண்டும் என்பதை அறியாத உழவன் இல்லை. சாலையும் ஒரு கரையே என்பதை அறியாத அலுவலகங்கள் உண்டு.

இவ்வோடைகளின் இயல்பைச் சொல்லவேண்டும். ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடப்பவை இவை. வெயிற்காலத்தில் அளவெடுக்க வரும் பொறியாளர் கண்ணிற் படுவது, சீமைக்கருவேல் முளைத்த ஒரு பள்ளம் மட்டுமே. ‘இதற்கு எதற்குப் பெரிய பாலம்?’ என்று அவர் எண்ணுவதில் வியப்பில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மேற்கே மலை கறுத்து ஓரிரவு பெய்துவிட்டால், அதே பள்ளத்தில் ஆளை அடித்துச் செல்லும் நீர் வரும். விடிந்தபின் அது போய்விடும். அந்த ஓரிரவை அறிந்தவன் ஆடு மேய்ப்பவன். அந்த ஓரிரவுக்காகவே மதகு கட்டப்பெறவேண்டும். மேய்ப்பவன் அறிவும் கட்டுபவன் அறிவும் சந்திக்கின்ற இடம் எது என்பதே நம் வினா.

அவ்விரண்டும் சந்திக்காவிடின் என்ன நேரும் என்பதை இம்மண் ஒருமுறை பார்த்திருக்கிறது. பச்சைமலையிற் பிறந்து பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளைக் கடந்து கொள்ளிடத்திற் கலப்பது மருதையாறு. கி.பி. 1956, நவம்பர் 23. திருவள்ளுவர் ஆண்டுக் கணக்கில் 1987, நளித் திங்கள். முன்னிரவு சென்னையினின்று புறப்பட்ட தூத்துக்குடி விரைவுவண்டி, விடியும் வேளையில் அரியலூரைக் கடந்து கல்லகம் நோக்கிச் சென்றது. இடையில் மருதையாற்றுப் பாலம் பெருவெள்ளத்தாற் சிதைந்து கிடந்தது. பொறியும் பெட்டிகளும் ஆற்றில் வீழ்ந்தன. நூற்று நாற்பதுக்குக் குறையாத உயிர்கள் போயின. உறக்கத்திலேயே ஆற்றுக்கிரையானோர் எத்தனை பேரோ! அதற்கு முன், செப்டம்பர்த் தொடக்கத்தில், தெலுங்கு நாட்டு மகபூப்நகர்ப் பக்கத்திலும் இவ்வாறே பாலம் வெள்ளத்தில் நொறுங்கி நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டிருந்தனர். அப்போதே விலக முன்வந்த இருப்புப்பாதை அமைச்சர் இலால் பகதூர் சாத்திரியைத் தலைமையமைச்சர் நேரு தடுத்துவிட்டார். அரியலூர்க்குப் பின் தடுக்க இயலவில்லை. சாத்திரி பொறுப்பினின்று விலகினார்.

விலகியவரைப் பாராட்டுகிறோம். அப்பண்பு இன்று அருகிவிட்டது. ஆயினும் அமைச்சர் விலகியதைச் சொல்லிச் சொல்லியே, ஆற்றை மறந்துவிட்டோம். அரியலூர் என்றவுடன் சாத்திரியின் பெயரைச் சொல்லும் பள்ளி மாணவனுக்கு, மருதையாற்றின் பெயர் தெரிவதில்லை. என் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். அவ்வாறு அவன் வீட்டிலிருந்து தொலைவில் இல்லை.

அவ்வாண்டின் ஈற்றை இன்னும் சற்று உற்று நோக்குக. நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலம் அமைந்தது. இருபத்திரண்டு நாள் கழித்துப் பாலம் உடைந்தது. அதற்கு முப்பத்து நான்கு நாள் கழித்து, திசம்பர் 27-இல், தமிழே ஆட்சிமொழி என்னும் சட்டம் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. மக்கள் மொழியில் ஆட்சி நடக்கவேண்டும் என்பதற்கு மருதையாற்றில் மிதந்த பிணங்களைவிடப் பெரிய சான்று வேறென்ன வேண்டும்? அச்சட்டம் வந்து எழுபது ஆண்டு ஆகப் போகிறது. ஆண்டுதோறும் ஆட்சிமொழிச் சட்ட வாரம் கொண்டாடுகிறார்கள்; தட்டிகள் கட்டுகிறார்கள். ஆனால் வேப்பந்தட்டைச் சாலையில் ஒரு மதகு கட்ட எழுதப்பெறும் மதிப்பீடும், அதற்கான விலைப்பட்டியலும், ஒப்பந்த நெறிகளும், வரைபடக் குறிப்புகளும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. நாளிதழில் வரும் அறிவிப்பு மட்டும் தமிழில் வரும். தலைவாசலில் தமிழ்க் கோலம். உள்ளே அடுக்களை முழுதும் ஆங்கிலம்.

கற்றறிந்த பொறியாளர் நண்பர் ஒருவர் என்னிடம் வழக்காடினார். “ஐயா, நீர் ஆங்கிலத்திலும் ஓடாது, தமிழிலும் ஓடாது, கணக்கில் ஓடும். கணக்குக்கு மொழியில்லை” என்றார். நல்ல வழக்கே. அந்தக் கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

சென்னை மாகாணத்து ஓடைகளுக்கென்று ரைவ்சு என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1884-இல் ஒரு வாய்பாடு வகுத்தார். நீர்பிடிப் பரப்பைச் சதுரக் கிலோமீட்டரில் எடுத்து, அதனை மூன்றில் இரண்டு மடிக்கு உயர்த்தி, ஓர் எண்ணாற் பெருக்கினால், நொடிக்கு எத்தனை கனமீட்டர் பெருவெள்ளம் வரும் என்பது கிடைக்கும். பரப்பு 8 எனின், மூன்றில் இரண்டு மடி 4. இனிப் பெருக்கும் எண் எது? கடலோரமாயின் 6.8; உள்நாடாயின் 8.5, மலையடியாயின் 10 அளவு. எனவே ஒரே பரப்புள்ள ஓடைக்கு, 27 என்றும் சொல்லலாம், 34 என்றும் சொல்லலாம், 40 என்றும் சொல்லலாம். வேப்பந்தட்டை ஓடையொன்று உள்நாட்டு ஓடையா, மலையடி ஓடையா? இதற்கு வாய்பாடு விடை தராது. அவ்வோடையின் கரையில் வாழ்பவனே தருவான். 34-க்கும் 40-க்கும் இடைப்பட்ட அந்த 6 கனமீட்டர் சிறிதன்று. நொடிக்கு 2 மீட்டர் விரைவில் நீர் ஓடுமாயின், அதற்கு 3 சதுர மீட்டர் வாயில் வேண்டும். அதாவது, 2 மீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் உயரமும் உள்ள ஒரு முழுக் கண். ஓர் எண்ணைத் தவறாக எழுதினால் மதகில் ஒரு கண் குறையும். அக்கண் குறைந்தால் மேல்புறத்து வயல் முழுகும். அல்லது சாலையே உடையும்.

இவ்வகை வாய்பாடுகள் போதா என்பதை அரசே உணர்ந்தது. பொறியாளர் ஏ.என். கோசலா தலைமையில் அமைந்த பொறியாளர் குழு வேறு முறையைப் பரிந்துரைத்தது. அதன்படி நாட்டை மழையும் நிலமும் ஒத்த 26 உட்பகுதிகளாகப் பகுத்து, பகுதிதோறும் வெள்ளத்தைக் கணிக்கும் முறைகள் வகுக்கப்பட்டன. நன்று. ஆயினும் ஏரிக்குமேல் ஏரியாக அடுக்கி வைத்த நம் நாட்டில், மேலேரிக் கரை உடைந்தால் வரும் நீரை எந்தப் பகுதிக் கணக்கும் முழுதாகச் சொல்லிவிடாது. இந்தியச் சாலைக் காங்கிரசு சிறு பாலங்களுக்கென வெளியிட்ட வழிகாட்டி நூலே, பெருவெள்ள மட்டத்தை ஊரிலுள்ள பட்டறிவாளரைக் கேட்டும் அறிக என்கிறது. பார்த்தீர்களா? கணக்குக்கு மொழியில்லை என்ற நண்பரே, உம் நூலே உம்மை ஊர் முதியவரிடம் அனுப்புகிறது! அவரிடம் நீர் எம்மொழியிற் கேட்பீர்? தமிழிற் கேட்பீர். அவர் தமிழிற் சொல்வார். நீர் அதை ஆங்கிலத்தில் எழுதிக் கோப்பிற் கட்டிவிடுவீர். தாம் சொன்னதைத்தான் எழுதினீரா என்று அம்முதியவர் எங்ஙனம் அறிவார்? சொன்னது ‘இடுப்பளவு’, எழுதியது ‘முழங்காலளவு’ எனின், கண்டு தடுப்பவர் யார்?

இது கற்பனையன்று. எம்மூர்ப் பக்கத்துச் சாலையொன்றை அகலப்படுத்தினர். அங்கே கருங்கற் பலகை பாவிய பழைய மதகொன்று இருந்தது. இரண்டு கண், கண் ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரம். ஆக, நீர் போகும் வாயில் 3 சதுர மீட்டர். அதனைப் பெயர்த்தெறிந்து, ஒரு மீட்டர் விட்டமுள்ள கற்காரைக் குழாய் இரண்டை இட்டனர். இரண்டு கண்ணுக்கு இரண்டு குழாய். எண்ணிக்கை சரிதானே என்று தோன்றும். வட்டத்தின் பரப்பைக் கணக்கிடத் தெரிந்த எட்டாம் வகுப்பு மாணவனைக் கேளுங்கள். குழாய் ஒன்றின் வாய் 0.785 சதுர மீட்டர். இரண்டுக்கும் சேர்த்து 1.57. நீரின் வழியைப் பாதியாக்கிவிட்டார்கள். அதுவும் ஓடையின் தரைமட்டத்துக்கு ஒரு முழம் உயரத்திற் குழாயைப் பதித்தனர். மேல்புறம் குட்டையாயிற்று, கீழ்ப்புறம் நீர் குதித்து விழுந்து சாலையின் அடியைப் பறித்தது. பருத்திமாரும் மக்காச்சோளத் தட்டையும் வெள்ளத்தோடு வந்து குழாய் வாயில் குறுக்கே கிடந்தால், அந்தப் பாதியிலும் பாதி போயிற்று. சதுரக் கண்ணில் ஆள் இறங்கிக் குப்பையை வாரலாம். மண் படிந்த குழாய்க்குள் யார் இறங்குவார்?

அடுத்த மழைக்கே மேல்புறத்துச் சின்ன வெங்காயம் அழுகிற்று. வெங்காயம் நீர் விரும்பும் பயிரன்று. வேர் இரண்டு நாள் நீரில் நின்றால் போதும், ஆண்டு முழுதும் பட்ட கடன் தலையில் நிற்கும். என்னிடம் படித்த மாணவன் ஒருவன் அவ்வாண்டு பள்ளியை விட்டு, வெளியூர்க்கு வேலைக்குப் போனான். ஊரார் கூடித் தமிழில் வேண்டுகை எழுதினர். எழுதித் தந்தவன் யானே. சில திங்கள் கழிந்தபின் அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்தது. இசைவளிக்கப்பெற்ற மதிப்பீட்டின்படியே பணி செய்யப்பட்டது என்பது அதன் பொருள். அம்மதிப்பீட்டைக் காட்டுக என்று கேட்டபோது, காட்டினர், அதுவும் ஆங்கிலம். வெங்காயம் அழுகியவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு தலைகீழாகப் பார்த்தான். ஊழல் நடந்ததென்று யான் சொல்லவில்லை. ஊழல் நடந்திருந்தாலும் அவனால் கண்டிருக்க முடியாது என்கின்றேன்.

இதில் இன்னுமொரு விந்தை உண்டு. வருவாய்த்துறையின் அ பதிவேட்டில் ‘ஓடை’ என்று நல்ல தமிழில் எழுதியிருக்கிறது. புல எண் உண்டு, பரப்பு உண்டு. புலப்படத்தில் ஓடையின் அகலம்கூட உண்டு. கிராம நிருவாக அலுவலரிடம் ஒரு நாள் கேட்டால் கிடைக்கும். ஒரே அரசின் ஒரு துறை ஓடை என்று தமிழில் எழுதிவைத்ததை, மற்றொரு துறை தன் ஆங்கிலக் கோப்பிற் காணாமல், குழாய் போதும் என்று முடிவு செய்கிறது. இரு துறைகளும் ஒரு மொழியிற் பேசிக்கொண்டால் என்ன?

கரை எழுப்பி நீரைத் தடுத்தால் விளையும் கேடு நம் நாட்டளவில் மட்டும் உணரப்பட்டதன்று. வங்கத்தில் இருப்புப்பாதைக் கரைகளும் சாலைக் கரைகளும் ஆற்றுநீரின் இயல்பான பரவலைத் தடுத்தமையால் மலேரியாக் காய்ச்சல் பெருகியது, விளைவும் குன்றியது என்று, அம்மாகாணத்து நலவாழ்வுத்துறைத் தலைவராயிருந்த பெண்ட்லி என்னும் வெள்ளையரே 1925-இல் தனி நூலெழுதினார். ஆள வந்தவனே கண்டு சொன்னதை நம்மவர் இன்னும் காணவில்லை.

இருப்புப்பாதைக்கு வருவோம். அதுவோ நடுவணரசின் உடைமை. அங்கே தமிழ் வேண்டுமென்றால், நிலையப் பெயர்ப்பலகையைக் காட்டி வாயை அடைப்பர். ஆளில்லாக் கடவுகளை ஒழிக்கின்றோம் என்று சொல்லி, பாதைக்கடியில் மண்ணைக் குடைந்து சுரங்கவழிகள் அமைத்தனர். கடவில் உயிர் போவதைத் தடுத்தது நன்றே. ஆனால் நிலமட்டத்துக்குக் கீழே பள்ளம் தோண்டினால் அங்கே நீர் வந்து நிற்கும் என்பதைப் பொறியியல் படித்துத்தான் அறியவேண்டுமா? 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில், இத்தகைய சுரங்கவழியில் தேங்கிய நீரில் மகிழுந்து மூழ்கிப் பெண்ணொருவர் உயிர் துறந்தார். நீர் போக வழியமைக்காமல் மாந்தர் போக வழியமைத்ததன் விளைவு அது.

2023 திசம்பர் 17 இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவுவண்டி திருவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அப்பால் பாதையின் கீழிருந்த சரளைக் கற்களை வெள்ளம் வாரிச் சென்று, தண்டவாளம் தொங்கிக் கிடந்தது. ஏறத்தாழ 800 பயணியர் வெள்ளத்தின் நடுவே தவித்தனர்; வண்டி நிறுத்தப்பட்டதால் பிழைத்தனர். அந்நாளிற் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை. அத்தகைய மழைக்கு எந்த மதகும் ஈடு கொடாது என்பதை ஒப்புகின்றோம். வண்டியை நிறுத்தியவரைக் கையெடுத்துக் கும்பிடுகின்றோம். 1956-இல் அங்ஙனம் நிறுத்துவாரின்றிப் போயிற்றே! அடுத்த ஆண்டு, 2024 திசம்பர்த் தொடக்கத்துப் புயல்வெள்ளத்தில், விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே நீர் அளவு மீறியதால் வண்டிகள் நின்றன. செய்தி எப்படி வந்தது தெரியுமா? ‘பாலம் எண் 452’ என்று வந்தது. 452 என்றால், அவ்வூரில் வாழ்பவனுக்கு என்ன விளங்கும்? ஆற்றின் பெயரைச் சொல்லியிருந்தால், அதன் கரையில் இருப்பவன் அந்நொடியே ஆடுமாட்டை அவிழ்த்துவிட்டிருப்பான்.

இனி நம்மவரை நோக்கியும் சில சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. 2017-இல் வேலூர், கிருட்டினகிரிப் பக்கத்து நெடுஞ்சாலைக் கற்களில் இந்தி எழுத்தைக் கண்டு கொதித்தெழுந்தோம். எழுந்தது முறையே, இன்னொருமுறை எழுதினால் இன்னொருமுறை எழுவோம். ஆனால் கல்லின்மேல் உள்ள எழுத்தைக் கண்ட நாம், சாலையின் கீழுள்ள மதகை ஏன் காணவில்லை? கடைப் பெயர்ப்பலகைக்குப் போராடினோம். திருமண அழைப்பிதழைத் தூய தமிழாக்கினோம். குழந்தைக்குத் தமிழ்ப் பெயரிட்டோம். எல்லாம் வேண்டியனவே. உழவனின் வயலை முழுகடிக்கும் கோப்பு எம்மொழியில் இருக்கிறது என்று கேட்டோமா? கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மட்டும் தமிழ் போதும் என்று இருந்துவிட்டால், தமிழ் அணிகலனாக எஞ்சுமேயன்றி ஆட்சிமொழி ஆகாது. வடமொழிச் சொல்லொன்றைக் களைந்துவிட்டு மீசை முறுக்கும் புலவர் பெருமக்களையும் (அவர்களுள் யானும் ஒருவன்) கேட்கின்றேன்: உங்களூர் ஓடைகளின் பெயர்கள் எத்தனை உங்களுக்குத் தெரியும்? ஊர் முதியவர் இறந்தால் அப்பெயர்களும் உடன் எரிகின்றனவே. ஒருமுறையேனும் போய் எழுதி வந்தீர்களா?

தமிழில் இத்துறை எழுத இயலாது என்பார் வாயை அடைக்கவும் சான்றுண்டு. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலைத் தமிழ்வழியிற் கற்பிக்கத் தொடங்கியது. தமிழில் நீரியலும் கட்டுமானமும் கற்ற இளைஞர் நம்மிடையே உளர். அவர்தம் கையில் ஆங்கில மதிப்பீட்டுத் தாளைக் கொடுத்து, ‘இதை நிரப்புக’ என்கிறது அலுவலகம். கற்பித்த மொழியில் வேலை வாங்க மறுப்பதற்குக் கரணியம் என்ன? சோம்பல் ஒன்று. மற்றொன்று, தமிழில் எழுதினால் ஊரார் படித்துவிடுவர் என்னும் அச்சம். இரண்டாவதே பெரிதென்பது என் துணிபு.

ஊர்மன்றக் கூட்டம் ஆண்டுக்கு ஆறு முறை கூடவேண்டும் என்பது இன்று நம் மாநிலத்தில் அரசின் ஏற்பாடு. தமிழன்பர்களே, வேப்பந்தட்டை ஒன்றியத்து ஊர்களிலும் அதற்கப்பாலும் உள்ள நீங்கள், அடுத்த கூட்டத்தில் எழுந்து நிற்க. உங்கள் ஊரெல்லைக்குள் சாலையையோ இருப்புப்பாதையையோ கடக்கும் நீர்வழிகளை முதியோரைக் கூட்டிச் சென்று முன்னரே பார்த்து, ஒவ்வொன்றின் பெயர், வரும் ஏரி, போகும் ஏரி, கண் எத்தனை, அகலம் எவ்வளவு, முதியோர் கண்ட பெருவெள்ளம் எம்மட்டம் என்பவற்றைத் தமிழில் எழுதிக்கொண்டு போக. அப்பட்டியலைக் கூட்டத்தின் முடிவாகப் பதியச் செய்க. புதிதாக எந்த மதகு கட்டுவதாயினும், பழையதை இடிப்பதாயினும், மதிப்பீடு தமிழில் கூட்டத்தின்முன் படிக்கப்பெற்ற பின்னரே பணி தொடங்கவேண்டும் என்று அதே முடிவிற் சேர்க்க. கட்டி முடித்தபின் கைப்பிடிச் சுவரில் கருங்கற் பலகையொன்று பதித்து, ஓடையின் பெயரும், கண்ணின் அளவும், வெள்ள மட்டமும், கட்டிய ஆண்டும், கட்டுவித்த அலுவலர் பெயரும் ஒப்பந்தக்காரர் பெயரும் வெட்டச் சொல்க. அப்போது அதனைக் கல்வெட்டு என்று அழைப்பதற்கு எமக்கும் தடையில்லை.

ஒருபடியை வட்டாட்சியர்க்கும், ஒருபடியை மாவட்ட ஆட்சியர்க்கும், இருப்புப்பாதை குறுக்கிடும் ஊராயின் ஒருபடியைத் திருச்சிராப்பள்ளிக் கோட்ட மேலாளர்க்கும் விடுக்க. மறுமொழி ஆங்கிலத்தில் வந்தால், ஆட்சிமொழிச் சட்டத்தைச் சுட்டி, தமிழில் தருக என்று எழுதித் திருப்பியனுப்புக. இரண்டாம் முறையும் ஆங்கிலத்தில் வந்தால், இரண்டாம் முறையும் திருப்புக. இவை ஐப்பசிக்கு முன் நடக்கவேண்டும்.